துரை வருகிற அன்று புல் இருக்கக்கூடாது

போன மாதம் எங்கள் மலையூர் தானா ராத்தாவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் ஓய்வு பெற்ற அதே விவசாய ஆபீஸில் இப்போது வேலை பார்க்கிறானாம்.

"அங்கிள், உங்க காலத்துல சப்சிடி கொடுக்கிறதுக்கு நீங்களே மேடு ஏறிப் போய்ப் பார்ப்பீங்களாமே. இப்ப அந்தத் தொல்லையே இல்லலா. பறக்கிற கேமராவ அனுப்பிடுவோம். ஆபீஸ்ல உக்காந்தே பாஸ் பண்ணிடலாம்."

"மேலேருந்து படம் எடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா, மேலேருந்துதான்."

நான் பாயசத்தைத் தள்ளி வைத்தேன். கிழவனுக்குப் பாயசம் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பான். அவனிடம் சொல்ல ஆரம்பித்தால் பந்தி முடிவதற்குள் முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். அப்பா கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். எப்படியோ பரீட்சை பாஸாகி, அரசாங்கத்தில் கீழ்மட்ட வேலை ஒன்று கிடைத்து, கீழே சமவெளியில் ஒரு விவசாயப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ரப்பர், தென்னை, நெல் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். தேயிலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. படிப்பு முடிந்ததும் தேயிலை விளையும் இடமாகப் பார்த்து என்னைப் போட்டார்கள். அரசாங்கத்தின் போக்கு எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் அந்தத் திட்டம் வந்தது. பெரிய கம்பெனித் தோட்டங்களுக்கு இல்லை. வருஷா வருஷம் புதுப்பிக்கிற லைசன்ஸில் அரசாங்க நிலத்தை வைத்துக்கொண்டு, ஏக்கர் கணக்கில் சின்னதாகத் தேயிலை போட்டிருந்தவர்களுக்கு. கிழட்டுச் செடியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நட்டால் கன்றும் உரமும் கையில் கொடுப்போம். கன்று பிடித்துவிட்டதா என்று அடுத்த வருஷம் போய்ப் பார்ப்போம். அதில் தேறினால் மறுபடியும் உரம், கொஞ்சம் பணம், எல்லாவற்றுக்கும் மேலாக, லைசன்ஸைத் தொடர்ந்து கொடுக்கலாம் என்று நில ஆபீஸுக்கு எங்கள் சிபாரிசு. தேறவில்லை என்றால் ஒன்றும் கிடையாது. அந்த லைசன்ஸுக்குத்தான் எல்லாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

நடவுக்கு ஒரு முக்கியமான நிபந்தனை இருந்தது. எங்கள் மலை செங்குத்து. புதுக் கன்றுக்கு மண்ணைப் பிடிக்கிற வேர் இன்னும் கிடையாது. அதனால் கன்று வரிசைகளுக்கு நடுவில், சரிவுக்குக் குறுக்காக, புல்லை வரிவரியாக வளர விட வேண்டும். அந்தப் புல்தான் மழையில் மண்ணை நிறுத்தி வைக்கும்.

இதையெல்லாம் பார்த்துச் சொல்லுகிற அதிகாரி என்சிக் ஹம்சா. என்சிக் என்றால் மலாயில் திரு. கிழக்குக் கரையில் ஒரு மீனவக் கம்பத்தில், அதாவது கிராமத்தில் பிறந்தவர். எங்கள் ஊர்க் குளிர் அவருக்குக் கடைசி வரை ஒத்துக்கொள்ளவே இல்லை. வெயில் அடித்தாலும் கம்பளிச் சட்டையைக் கழற்றமாட்டார். மலாய்தான் பேசுவார். யாரிடமும் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை.

அவர் ஒரு தோட்டத்தைப் பார்க்கிற விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஜீப் மேல்பாதையில் நின்றாலும் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி, அடிமூலையிலிருந்துதான் ஏற ஆரம்பிப்பார். "மேலே நின்று பார்த்தால் எந்தத் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும்" என்பார். குறுக்கும் நெடுக்குமாக ஏறுவார். அங்கங்கே பூட்ஸின் குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்ப்பார். ஏதாவது ஒரு கன்றின் அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்து, குழந்தையின் காதைத் தொடுகிற மாதிரி, லேசாக இழுப்பார். வேர் பிடித்த கன்று அசையாது. வேலை முடிகிறவரை யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். முடிந்த பிறகு, ஆறிப்போயிருந்தாலும், கொடுத்த தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பார். ஒருவனுடைய மண்ணில் நின்றுகொண்டு அவனிடம் 'முடியாது' என்று சொல்லவேமாட்டார். "நந்தி கித்தா தெங்கோக்" என்பார். பிறகு பார்ப்போம் என்று அர்த்தம். அது நல்லதா கெட்டதா என்று எனக்கே ஜீப்பில் ஏறிய பிறகுதான் தெரியும்.

கம்போங் ராஜாவில் லோரி வைத்திருந்த சின்னையா என்று ஒருவர் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தார். நாங்கள் கொடுத்த உரத்தை முட்டைக்கோஸுக்குப் போட்டுவிட்டு, கன்றுகளை வீட்டுப் பின்புறத்தில் மறந்துவிட்டார். நாங்கள் வருகிற வழியில் எவனோ சொல்லியிருக்க வேண்டும். அவசர அவசரமாகக் கன்றை மண்ணில் குத்தி வைத்திருந்தார். என்சிக் ஹம்சா இரண்டு விரலால் இழுத்ததும் கன்று கையோடு வந்துவிட்டது. அவர் குனிந்து அதைத் திரும்ப நட்டு, சுற்றி மண்ணை அமுக்கி, கை கழுவக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். சின்னையா, "மழை சரியா இல்ல துவான்" என்றார். மேலே தூறிக்கொண்டிருந்தது. ஜீப்பில் நானும் அவரும் தானா ராத்தா வரை சிரித்தோம். அந்த வேலையில் நான் வயிறு குலுங்கச் சிரித்தது அன்று ஒரு நாள்தான். சின்னையாவுக்கு அந்த வருஷம் நிறுத்தி, அடுத்த வருஷம் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள்.

இனி பெருமாள்.

பெருமாள் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் புல் செதுக்குகிற கும்பலில் இருந்தவர். இளவயதிலிருந்து ஐம்பதை நெருங்குகிறவரை அதே வேலை. சுரண்டி பிடித்துப் பிடித்து வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். லைசன்ஸில் ஒரு மேடு கிடைத்ததும் தோட்டத்து வேலையை விட்டுவிட்டார். வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். மனைவி அஞ்சலையையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த மேட்டிலேயே பலகைக் குடிசை போட்டார். திரும்பிப் போக அவருக்கு வீடு இல்லை. இதைச் சொல்லாமல் மீதியைச் சொல்வதில் பிரயோசனம் இல்லை.

திட்டத்தின் விதிகளை ரிங்லெட் கோயில் மண்டபத்தில் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினோம். என்சிக் ஹம்சா மலாயில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். புல்லைப் பற்றிச் சொன்னபோது ஒருவர் மட்டும்தான் கையைத் தூக்கினார். அது பெருமாள்.

"எவ்வளவு ஒசரம் விடணும் கிராணி சார்?" என்று கேட்டார். கால்சட்டை போட்டுப் பேனா வைத்திருந்தவன் எவனும் அவருக்குத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணிதான்.

என்சிக் ஹம்சா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். பெருமாள் தலையாட்டினார்.

அதன்படியே செய்தார். அந்த வருஷம் முழுக்க, சொல்லாமல் கொள்ளாமல் நான் பலமுறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். கன்றுகளைச் சுற்றி மட்டும் சுத்தம். நடுவில் முழங்கால் உயரத்துக்குப் புல்வரி, கயிறு பிடித்து விட்ட மாதிரி. மாவட்டத்தில் அப்படி ஒரு தோட்டம் இல்லை.

"வாழ்நாள் பூரா வெட்டுன புல்லுக்கு இப்ப தண்ணி ஊத்தாத கொறைதான் சார்" என்று சிரித்தார். அஞ்சலை மட்டும், "ஆளு வந்தா என்ன நெனப்பாங்க, காடு மாதிரி கெடக்கு" என்றார். அதை நாங்கள் இருவருமே வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

வழக்கமாகச் சோதனைக்கு முன்னறிவிப்பே கிடையாது. அந்தத் தடவை மாநிலத் தலைநகர் குவாந்தானிலிருந்து ஒரு பெரிய அதிகாரி கூட வருவதாக இருந்ததால், ஆபீஸிலிருந்து எல்லாருக்கும் முன்கூட்டியே தகவல் போயிற்று. பெரிய துவான் வருகிறார், வீட்டில் இருக்கவும் என்று. துவான் என்றால் தோட்டத்து ஆட்களுக்குத் துரைதான்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்துக்குப் பெரிய துரை வருகிறார் என்றால், அதற்கு முந்தின நாள் கொழுந்துகூட இரண்டாம் பட்சம். பாதை ஓரம், வடிகால் கான் கரை, லயத்து வாசல் எல்லாவற்றையும் மண் தெரியச் செதுக்க வேண்டும். பாதைக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். துரை நடக்கிற இடத்தில் ஒரு புல் தலை நீட்டினால் கங்காணிக்குத் திட்டு, செதுக்கியவனுக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். என் அம்மாவுக்குக் காய்ச்சல் கொதித்த ஒரு நாளிலும், துரை வருகிறார் என்று வாசலைச் செதுக்கிவிட்டுத்தான் படுத்தார். இது யாரும் உட்கார்ந்து யோசிக்கிற விஷயம் இல்லை. பெரிய ஆள் வந்தால் குளித்துச் சட்டை போடுகிற மாதிரிதான்.

சோதனை நாளன்று குவாந்தான் அதிகாரி தானா ராத்தா வரை வந்தார். பனிமூட்டத்தைப் பார்த்தார். நெஞ்சு சரியில்லை என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். எப்போதும் போல என்சிக் ஹம்சாவும் நானும்தான் போனோம்.

அடிமூலையில் இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். அந்த மேட்டில் ஒரு புல் கிடையாது. அடியிலிருந்து உச்சி வரை செக்கச்செவேல் என்று மண். மாவு அரித்த மாதிரி ஒரே சீர். அதில் கன்றுகள் மட்டும் பச்சையாக நின்றன. குடிசைக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் கல் வைத்து, சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பெருமாள் சலவைச் சட்டையில், தலைமுண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அஞ்சலையின் உள்ளங்கைகளில் துணி சுற்றியிருந்தது. பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு குடும்பமே செதுக்கியிருக்கிறது.

என்சிக் ஹம்சா மெதுவாகக் கேட்டார். "ரும்புட் மானா?" புல் எங்கே?

பெருமாளின் முகம் மலர்ந்துவிட்டது. கையை விரித்து மேட்டைக் காட்டினார்.

"ஒன்னுகூட இல்ல துவான். எங்க வேணா நடந்து பாருங்க."

அந்த முகத்தை நான் எத்தனையோ தடவை மறக்கப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை.

என்சிக் ஹம்சா நடந்து பார்த்தார். குறுக்கும் நெடுக்குமாக ஏறினார். குதிகாலால் அழுத்தினார், மண் பொலபொலவென்று உதிர்ந்து ஓடியது. கன்றுகளைத் தொட்டு இழுத்தார், ஒன்றும் அசையவில்லை. முடித்துவிட்டுக் குடிசை வாசலில் உட்கார்ந்து தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கன்றுகள் மிக நன்றாக இருக்கின்றன என்றார். பிறகு, "நந்தி கித்தா தெங்கோக்."

அவர் ஜீப்புக்குப் போனதும் நான் பெருமாளைத் தனியாக இழுத்தேன். "என்ன காரியம் பண்ணிட்டீங்க? மண்டபத்துல தலையாட்டுனீங்களே. புல்லு விடணும்னு தெரியாதா?"

அவருக்கு நான் கோபப்பட்டதுதான் புரியவில்லை.

"தெரியும் சார். வருசம் பூரா விட்டேன்ல, நீங்கதான் பாத்தீங்களே. அது மத்த நாளைக்கு. பெரிய துரை வர்ற அன்னிக்கு எப்படி சார் புல்ல வச்சிக்கிட்டு நிக்கிறது? மரியாதையா இருக்குமா?"

நான் ஜீப்பை நோக்கி நடந்தேன். நானும் லயத்தில் பிறந்தவன்தானே.

பெருமாள் சொன்னதை ஜீப்பில் அப்படியே என்சிக் ஹம்சாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஏரிக்கரை தாண்டிய பிறகு பேசினார். "எங்கள் கம்பத்துக்குப் பெங்ஹுலு வருகிற அன்று என் அம்மா கடற்கரை மணலைப் பெருக்குவாள். கடற்கரையை. யாராவது அவளிடம் வேண்டாம் என்று சொன்னால் கேட்டிருப்பாளா?" பெங்ஹுலு என்றால் அந்த வட்டாரத்துத் தலைவர்.

பெருமாள் தேறவில்லை என்று அவர் எழுதவில்லை. புல் திரும்ப வரட்டும், சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார். ஒரு நல்ல மனிதனால் அந்த நாற்காலியிலிருந்து செய்ய முடிந்தது அவ்வளவுதான். மறுநாளே நான் போய்ப் பெருமாளிடம் சொன்னேன்.

அடுத்த தடவை நான் போனபோது புருஷனும் பெண்டாட்டியும் ரோட்டோரத்தில் புல்லை வேரோடு பெயர்த்துக் கூடையில் சுமந்துகொண்டிருந்தார்கள். மேட்டில் கயிறு கட்டி, வரி வரியாக, கன்று நடுகிற மாதிரி புல்லை நட்டார்கள். பிறந்ததிலிருந்து புல்லைச் செதுக்கியே சோறு தின்ற மனுஷன், மண்டி போட்டு ஒவ்வொரு கொத்தாகப் புல் நட்டதைப் பார்த்தேன்.

"புடிச்சிரும்ல சார்?" என்றார்.

"புடிச்சிரும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

புல் பிடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் வருஷக் கடைசி மழை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். விடாமல் ஊற்றியது. ஒரு காலை, ரிங்லெட் கடைத்தெருவில் ஜீப்பை மறித்து ஒருவர் சொன்னார். "பெருமாள் மேடு வந்துருச்சு சார்."

ஆள் சேதம் இல்லை. குடிசை ஓரமாக இருந்ததால் தப்பித்துவிட்டார்கள். ஆனால் மேட்டின் நடுப்பகுதி முழுக்க, கன்று, புல், சுண்ணாம்புக் கல் எல்லாமாக வழுக்கிக் கீழே வந்து, பாதையை மூடி ஆற்றில் இறங்கியிருந்தது. பெருமாள் அந்தச் சேற்றுக்குள் இடுப்பளவு இறங்கிக் கன்றுகளைத் தேடி எடுத்து, ஒரு சாக்கில் வரிசையாகப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். வேர் நீளமாக, நன்றாக இருந்தது. யாரும் அவரைத் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை, ஒரு மரத்தடியில் போய் நின்று அழுதேன்.

பிறகு நடந்ததெல்லாம் விதிப்படி நடந்தது. பாதை அடைபட்டது என்று ஓர் ஆபீஸ் புகார் எழுதியது. அந்த மேடு ஆபத்தானது என்று இன்னோர் ஆபீஸ் லைசன்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. லைசன்ஸ் இல்லாதவனுக்கு எங்கள் ஆபீஸ் சப்சிடி கொடுக்க முடியாது. யாரும் கெட்டவர் இல்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். என்சிக் ஹம்சா நில ஆபீஸுக்கு நேரில் போய் மன்றாடினார். திரும்பி வந்து கம்பளிச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தவர், அன்று சாயங்காலம் வரை ஒரு காகிதத்தையும் தொடவில்லை. கொஞ்ச காலத்தில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கிழக்குக் கரைக்கே போய்விட்டார்.

அவர் போவதற்கு முன், அதே பருவத்தில் லோரி சின்னையாவின் தோட்டத்துக்கும் போனோம். இந்தத் தடவை கன்றை உண்மையாகவே நட்டிருந்தார். நட்டதோடு சரி, அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சோம்பேறித்தனத்தால் புல் முழங்காலுக்கு வளர்ந்து, மழையில் ஒரு பிடி மண் நகரவில்லை. விதிப்படி அவர் தேறினார். அதை எழுதிக் கொடுத்தவர் என்சிக் ஹம்சாதான். எழுதும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறமும் எண்பதுகள் முழுக்க அந்த வேலையில் இருந்தேன். காய்கறிக்கு, பூவுக்கு, மருந்தடிக்கிற பம்புக்கு என்று என்னென்னவோ திட்டம் வந்தது. எல்லாவற்றையும் விளக்கினேன், எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் தலையாட்டும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் பயமாக இருக்கும். இந்த விதிகள் யாருக்காவது நல்லது செய்யும் என்று நம்புவதை எப்போது விட்டேன் என்று தெரியாது. சம்பளத்துக்காகப் போய்வந்தேன், அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், ஒரு தோட்டத்துப் பாதையில் ஜீப் போய்க்கொண்டிருந்தபோது, ஓரத்தில் ஒரு கிழவர் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். இறங்கிய வலது தோளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நிறுத்தச் சொன்னேன். அவர் ஜீப்பைக் கண்டதும் ஒதுங்கி நின்று தலைமுண்டைக் கழற்றினார்.

"பெருமாளண்ணே, நான்தான்."

"அட, கிராணி சாரா?" சிரித்தார். பல் போயிருந்தது. தோட்டத்திலேயே கண்ட்ராக்டில் சேர்ந்துவிட்டாராம். பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, அஞ்சலை போன வருஷம் தவறிவிட்டார். "நாளைக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்களாம் சார். பாதைய மண்ணு தெரியச் செதுக்கச் சொல்லியிருக்காங்க."

நான் ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பப் போனேன். அவர் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்தப் பக்கம் போறீங்களா? நம்ம மேடு இப்ப எப்படி இருக்கு?"

நான் அதைத் தாண்டித்தான் வந்திருந்தேன். அந்த நிலத்தை அப்புறம் யாருக்கும் கொடுக்கவில்லை. சரிந்த இடம் முழுக்கப் புல் மண்டி, காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

"புல்லு வளந்திருக்குண்ணே."

"எவ்வளவு ஒசரம்?"

நான் கையை என் முழங்காலில் வைத்துக் காட்டினேன்.

அவர் என் கை இருந்த உயரத்தைப் பார்த்தார். "அப்ப இனிமே மண்ணு நிக்கும்" என்றார். பிறகு, நாளைக்கு ஆள் வருகிறார்களே என்று, குனிந்து சுரண்டியை எடுத்துக்கொண்டார்.